ஸ்டியரிங்கில் ஒட்டாத டோஸ்ட்

அடுப்படியில் முட்டை உடைபடும் சத்தம். டிரைவரம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். டொக். டொக். டொக். மூன்றாவது தட்டில்தான் ஓடு விட்டது. அவர் என்றால் ஒரே தட்டு.

அவர் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அடுப்படியில் நிற்பது மகள். நேற்று மாலை வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்து இறங்கியவள், "காலைல டிபன் என் பொறுப்பு. நீ கிளம்பற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். கிளம்பப் போகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

கதவுக்குப் பின்னால் சீருடை தொங்கியது. அதுவும் மகள் வேலைதான். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டதில் சட்டை தனியாக நிற்கும் போலிருந்தது. விடுப்பு நேற்றோடு முடிந்தது. டிப்போ மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கும் முதல் டிரிப்புக்கு ஆள் வேண்டுமே. "திங்கட்கிழமை வண்டி எடுத்தீங்கன்னா அந்த ரூட் உங்களுது. முடியலன்னா பாஸ் கவுண்டர்ல ஒரு நாற்காலி போட்டுத் தரேன். ரெண்டும் தப்பில்லம்மா. ரெண்டுக்கும் நடுவுல மட்டும் நிக்காதீங்க" என்று போனில் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த டிரைவர் யாரும் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அது மேனேஜருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் முடிவு செய்துவிட்டாள். ஊழியர் வேன் வரும், ஹார்ன் அடிக்கும். அதில் ஏறாமல் இருந்தால் போதும். மற்றது தானாக நடக்கும். மகளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவாள், அதுவும் கணக்கு வழக்கோடு.

வண்டி ஓட்டப் பயமா என்றால் அது இல்லை. அந்த ஸ்டியரிங்கை அவளுக்கு யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. சோடா கம்பெனியில் பாட்டில் கழுவப் போனவள் அவள். லோடு வண்டி டிரைவர் வாரத்துக்கு ஒரு நாளாவது மட்டம் போடுவார். அப்படி ஒரு நாள் முதலாளி வாசலில் நின்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டிருக்கையில், "சாவியக் குடுங்க" என்று ஈரக்கையை நீட்டினாள். அவரும் கோபத்தில் யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்துவிட்டார். வண்டியைப் பின்னால் எடுத்து, கேட்டில் உரசாமல் திருப்பி, தெருவுக்குக் கொண்டுபோனாள். எங்கே கற்றாய் என்று எல்லோரும் கேட்டார்கள். "லோடு ஏத்தப் போறப்ப பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். கண்ணு சும்மாவா இருக்கும்?" என்றாள். பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை.

பஸ்ஸுக்கு வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. அவள் பிரேக் பிடித்தால் நிற்கிற ஆள் தள்ளாட மாட்டார். மார்க்கெட்டுக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரி ஆயாக்களும் இரவுக் காவல் முடித்தவர்களும் முதல் டிரிப்பில் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்வார்கள். டிப்போவில் அவளுக்குத் 'தொட்டில்' என்று பெயர்.

தையல் மிஷின் ரிப்பேர்காரர் அந்தத் தொட்டிலில் ஏறியது ஒரு மிஷின் தலையோடு. துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். லக்கேஜ் டிக்கெட் வாங்கு என்றார் அப்போதிருந்த கண்டக்டர். மடியில் இருப்பது லக்கேஜ் இல்லை என்றார் இவர். வண்டி நின்றது, வாக்குவாதம் நிற்கவில்லை. கடைசியில் டிரைவர் சீட்டிலிருந்து குரல் வந்தது. "மடியில இருந்தா குழந்தைக் கணக்கு. விடுங்கண்ணே, நேரமாகுது." அடுத்த வாரமும் அதே மடி, வேறு குழந்தை. அதற்கடுத்த வாரமும். "ஊர்ல கெட்டுப்போற மிஷின் பூரா நம்ம ரூட்லயே எப்படிம்மா கெட்டுப்போகுது?" என்று கண்டக்டர் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கியரை மாற்றும்போது கை தடுமாறியது அன்றைக்குத்தான்.

கல்யாணமான புதிதில் காலைச் சாப்பாடு பெரிய தலைவலியாக இருந்தது. இருட்டோடு கிளம்புகிறவள் அவள். வெறும் வயிறென்றால் பாலத்து ஏற்றத்தில் கண் இருட்டும். வயிறு முட்டத் தின்றால் கண் சொக்கும். தண்ணீராக எதுவும் ஆகாது. கடைசி நிறுத்தத்தில் பெண்கள் கழிப்பறையை நன்றாக விடிந்த பிறகுதான் திறப்பார்கள். மிஷின்காரர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், வாடிக்கையாளர் மிஷினின் கோளாறைச் சொல்வதைக் கேட்பது போல. மறுநாள் அவள் எழுந்தபோது அவர் முட்டையும் பாலும் அடித்து, அதில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தார். ரொட்டிக் கவரில் படம் போட்டிருந்ததாம். பெயர் பிரெஞ்சு டோஸ்ட்.

"இதப் பார்த்தா பிரெஞ்சுக்காரன் நம்ம மேல கேஸ் போடுவான்" என்றாள் அவள்.

"போடட்டும். சம்மன் குடுக்க உன் பஸ்லதானே வரணும்? தூங்கிடுவான்."

முதல் நாள் மேலே சர்க்கரை தூவிக் கொடுத்தார். ஸ்டியரிங் பிசுபிசுத்தது. கியர் பிசுபிசுத்தது. மதிய ஷிப்ட் டிரைவர், "யாருய்யா வண்டிக்கு ஜாம் தடவினது?" என்று டிப்போவைக் கூட்டினார். மறுநாளிலிருந்து சர்க்கரை பாலுக்குள் கரைந்தது. ரொட்டி விரல் அகலத் துண்டுகளானது. ஓரங்களையும் நிறுத்தி வைத்து வாட்டினார். ஒட்டாது, சிந்தாது, தாகம் எடுக்காது. டப்பாவில் போட்டுக் கையில் கொடுப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் வண்டி நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு துண்டு. விடுமுறை நாளில் கேட்டால் செய்ய மாட்டார். "அது டூட்டிச் சாப்பாடு" என்பார்.

அவள் பயந்தது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

அன்றைக்கு மூன்றாவது சுற்று. இப்போது கூட வருகிற கண்டக்டர் தம்பி, வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்திருந்தான். டப்பாவில் மிச்சம் இருந்த இரண்டு துண்டையும் அவனிடம் நீட்டினாள். "நீங்க, அக்கா?" என்றான். "எனக்கு நாளைக்கும் கிடைக்கும்டா" என்றாள். அவன் மென்றுகொண்டிருக்கும்போதே டைம்கீப்பர் தன் அறையிலிருந்து இறங்கி வந்தார். முதலில் கையை நீட்டினார். "சாவியக் குடுங்கம்மா." கடையைத் திறந்து ஒரு மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னார்.

கண்டக்டர் தம்பி அடிக்கடி போன் செய்கிறான். "அக்கா..." என்று ஆரம்பிப்பான். அதற்கு மேல் வராது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாசனை வந்தது.

டிரைவரம்மா கண்ணைத் திறந்தாள். மிஷின் எண்ணெய். சூடேறிய மிஷின் எண்ணெய். சாயங்காலம் அவர் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அறை முழுக்க நிற்குமே, அது. எப்போது எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுப்படி வாசலில் நின்றாள்.

மகள் ஒரு கையில் எண்ணெய்க் குப்பியோடு, புகைகிற தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடைக்கற்களைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். சின்ன வயதிலிருந்தே எதையும் அளக்காமல் நம்ப மாட்டாள்; அப்பா அவளைக் 'கிராம்' என்றுதான் கூப்பிடுவார். மேடையில் சின்னத் தராசு இருந்தது. பாலில் ஒரு தெர்மாமீட்டர் நின்றது. முதல் துண்டு கல்லில் கிடந்து பாவமாகப் பொரிந்துகொண்டிருந்தது.

"என்னடி பண்ற?"

"அப்பா குப்பிதாம்மா. மூக்கு நீளமா இருக்குமே..."

"மூக்கு நீளக் குப்பி ரெண்டு இருக்குடி!"

இருந்தது. கரண்டியால் ஊற்றினால் எண்ணெய் அதிகமாகிவிடும், சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்று சொல்லி, கடைக் குப்பி போலவே இன்னொன்று வாங்கி அடுப்படியில் வைத்திருந்தார் மிஷின்காரர். அடையாளத்துக்கு அதன் கழுத்தில் சிவப்பு நூல். துக்கத்துக்கு வந்திருந்த அவர் அண்ணி, வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று அழுக்கு நூலை அறுத்தெறிந்துவிட்டு, கடையிலிருந்து வந்த குப்பியையும் இதையும் ஜோடியாக ஜன்னலோரம் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

மகள் குப்பியை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது.

"எவ்ளோ விட்ட?"

"நாலு சொட்டு."

"அளவு சரிதான்" என்றாள் டிரைவரம்மா.

மகள் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தொறக்காதே."

கொண்டியில் வைத்த கை அப்படியே நின்றது.

புகை மெதுவாக மேலே போய்க் கூரையடியில் தங்கியது. மகள் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய கரண்டியைத் திரும்பவும் கழுவினாள். டிரைவரம்மா நிலைப்படியில் சாய்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"சட்டையத் துவைக்கிறப்ப எல்லாம் திட்டுவேன். என்ன சோப்புப் போட்டாலும் இந்த நாத்தம் போகவே மாட்டேங்குதுன்னு."

"போயிடுச்சும்மா. அலமாரில இருக்கற எல்லாச் சட்டையும் மோந்து பார்த்தேன். ஒண்ணுலயும் இல்ல."

"எப்ப பார்த்த?"

"நேத்து. நீ குளிக்கறப்ப."

"நானும் பார்த்தேன்" என்றாள் டிரைவரம்மா. "போன வாரம்."

வாசனை எத்தனை நேரம்தான் நிற்கும்? மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் வெறும் கருகல் நாற்றம்தான் மிஞ்சியது. டிரைவரம்மாவே போய் ஜன்னலைத் திறந்தாள். "கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவு. ரெண்டு தடவ. ஆய்வுக்கூடமாம், ஆய்வுக்கூடம். எண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியல."

"அங்க எண்ணெய்க்கு லேபிள் ஒட்டியிருக்கும். பெரியம்மா வந்து கிழிக்க மாட்டாங்க."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் புதிதாக முட்டை உடைத்தாள். பாலை எடை போட்டு ஊற்றினாள். உப்பு ஒரு சிட்டிகை. ரொட்டியை எடுத்து முக்கப் போனாள்.

"சர்க்கரை எங்கடி?"

"அது கடைசில. மேல தூவணும்."

"மேலயா? உங்கப்பா மேல தூவ மாட்டாரு. உள்ளதான்."

"அம்மா, ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் தினம் அதத் தின்னுட்டுத்தான் போனேன். மேல தூவி, பல்லுல நறநறன்னு இருக்கும்."

"தூக்கத்துல தின்னிருப்ப."

"நீ ரோட்டப் பார்த்துக்கிட்டே தின்னிருப்ப."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் மகள் எழுந்திருப்பாள். ஒருத்தி தட்டை இன்னொருத்தி பார்த்ததே இல்லை.

டிரைவரம்மா பாத்திர அலமாரியைப் பார்த்தாள். "ரெண்டு கிண்ணம்" என்றாள்.

"என்னது?"

"மத்தியானம் டூட்டி முடிஞ்சு வந்தா சிங்க்ல தினம் ரெண்டு கிண்ணம் கிடக்கும். மனுஷனுக்கு முட்டை அடிக்க ஒரு கிண்ணம் போதாதான்னு சண்டை போடுவேன். 'அது தனி மாடல், இது தனி மாடல்'னு சொல்லிட்டுக் கழுவுவாரு. மிஷினப் பத்தி ஏதோ உளறாருன்னு நெனச்சேன்."

மகள் அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து முதல் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். சற்று நகர்த்தி, நேராக்கினாள்.

"இது உன் மாடல். சர்க்கரை எவ்ளோ?"

"கையால அள்ளிப் போடுவாரு."

"கைன்னா?"

"கைன்னா கைதான். உனக்கும் அவர் கைதானே, பெரிய கை. போடு."

போட்டாள். எடை பார்க்கவில்லை என்பதை டிரைவரம்மா கவனித்தாள்.

"எப்பத் திருப்பணும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் உள்ள சட்டை போட்டுக்கிட்டிருப்பேன். சத்தம்தான் கேக்கும். கல்லுல போட்டதும் 'சொய்ங்'னு கத்தும், அப்ப நான் முதல் பட்டன். மூணாவது பட்டன் போடறப்ப சத்தம் அடங்கும், திருப்புவாரு. காலர் பட்டன் போடறப்ப டப்பா மூடற சத்தம் கேக்கும்."

"அப்ப போய்ப் போடு."

"எத?"

"சட்டைய. எனக்கு நேரம் தெரியணும்ல?"

மகளின் செல்போன் மேடைமேல் கிடந்தது. நொடியைக்கூடப் பத்தாகப் பிரித்துக் காட்டுகிற போன் அது. டிரைவரம்மா போனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகள் ரொட்டியை முக்குவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.

"கிராமு, நீ உங்கப்பாவுக்கு மேல" என்று முனகிக்கொண்டே டிரைவரம்மா உள்ளே போனாள்.

நைட்டியைக் களைந்து, பேன்ட்டை மாட்டி, சட்டைக்குள் கைகளை நுழைத்தாள். "போடு!" என்று கத்தினாள்.

சொய்ங்.

முதல் பட்டன். இரண்டாவது. விரல்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மூன்றாவதன் ஓட்டை கஞ்சியில் ஒட்டிக்கொண்டு திறக்கமாட்டேன் என்றது. நகத்தால் குத்தினாள். அடுப்படியில் சத்தம் எப்போதோ அடங்கிவிட்டது.

"அம்மா! என்ன ஆச்சு?"

"இருடி, பட்டன் நுழையல!"

"கருகுதும்மா!"

"நுழைஞ்சிடுச்சு! திருப்பு!"

மறுபக்கம் சரியாக வந்தது. காலரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மகள் கடைசி ஓரத்தை வாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நல்ல கறுப்பு. மறுபக்கம் பொன்னிறம். டிரைவரம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். இன்னொரு கடி கடித்தாள். பிறகு மேடையிலிருந்த ஒரு பெரிய தட்டின் விளிம்பை ஸ்டியரிங் மாதிரி இரு கையாலும் பிடித்து, இடப்பக்கம் ஒடித்து, வலப்பக்கம் ஒடித்து, கைகளை எடுத்தாள்.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ஒட்டுதா?"

"ஒட்டல."

தெருவில் வேன் ஹார்ன் அடித்தது. மகள் மிச்சத் துண்டுகளை டப்பாவில் அடுக்கி அவள் கையில் கொடுத்தாள்.

போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் இப்போது சட்டை போட்டாகிவிட்டது. அந்த மூன்றாவது பட்டனோடு பட்ட பாட்டுக்கு அதைத் திரும்பக் கழற்றுவதென்றால் ஒரு வலுவான காரணம் வேண்டும். டிரைவரம்மா தேடிப் பார்த்தாள். பயம் இருந்தது. அது அங்கேயேதான் இருந்தது. ஆனால் கையில் டப்பா இருந்தது, சூடாக.

"பயமா இருக்குடி."

"தெரியும்மா."

"அங்க போய் முடியலன்னா?"

"முடியலன்னா போன் பண்ணு. நான் டாக்ஸில வரேன். இன்னைக்கு லீவுதான்."

ஹார்ன் மறுபடி அடித்தது. "வரேன்யா, வரேன்! மாடியிலிருந்து குதிக்கவா முடியும்?" என்று குரல் கொடுத்துக்கொண்டே செருப்பை விட்டு ஷூவை மாட்டினாள். படியில் பாதி இறங்கியபோது மேலே திறந்த ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. மகள் தன் மாடலுக்கு முட்டை உடைக்கிறாள். டொக். டொக். இரண்டாவது தட்டிலேயே விட்டுவிட்டது.

முதல் சுற்று. தூங்குகிறவர்கள் தூங்கினார்கள். பாலத்து ஏற்றத்தில் கண் இருட்டவில்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். எல்லோரும் இறங்கினார்கள். டைம்கீப்பர் அறையில் விளக்கு எரிந்தது. கதவு மூடியிருந்தது. அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது. கதவு திறக்கவில்லை. திறக்கக் காரணமில்லை.

கண்டக்டர் தம்பி அவசரமாகக் கீழே இறங்கி, எந்தக் கோளாறும் இல்லாத டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சாவியை விட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாள். "தம்பி, இங்க வா."

வந்தான். டப்பாவைப் பார்த்தான். ஓரடி பின்னால் போனான். "வேணாம்க்கா. நான் சாப்ட்டுட்டேன்."

"பொய் சொல்லாதடா. வயித்துச் சத்தம் இன்ஜினத் தாண்டிக் கேக்குது. எடு."

ஒன்றை எடுத்தான். சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தான். "அக்கா, அன்னைக்கு அந்த ரெண்டையும் நான்..."

"அன்னைக்கு உனக்குப் பசிச்சுது. இன்னைக்கும் பசிக்குது. சாப்பிடு."

கடித்தான். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. துண்டைத் திருப்பிப் பார்த்தான். "ஒரு பக்கம் கருகியிருக்கேக்கா?"

"மூணாவது பட்டன் லேட்டு" என்றாள் டிரைவரம்மா.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் பங்குத் துண்டைத் தின்று முடித்து டப்பாவை மூடிவிட்டு, கையைத் துடைக்காமலேயே ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.